ரத்தம் சொல்லும் ரகஸியம்

2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று மத்தியப் பிரதேசத்தில் ஷாடோல் என்னும் ஊரில் இந்திய சர்க்கார் ஒரு பெருங் காரியத்தைத் தொடங்கி வைத்தனர். அரிவாள் செல் சோகை எனப்படும் பரம்பரை நோயை 2047-ஆம் வருஷத்துக்குள் நம் நாட்டினின்றும் அகற்றிவிட வேண்டுமென்பது அதன் நோக்கம். இந்நோய் காணப்படும் 17 ராஜ்யங்களில், நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிப்பதென்று திட்டமிடப்பட்டது. தமிழ்நாடும் அப்பதினேழில் ஒன்று. ஆறு கோடிக்கு மேற்பட்டவர்கள் சோதிக்கப்பட்டுவிட்டதாக 2025-ஆம் வருஷத்தில் சர்க்கார் தெரிவித்தனர்.

இம்முயற்சி போற்றத்தக்கதென்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. வைத்தியர் எளிதில் எட்டிப் பாராத மலைகளிலும் காடுகளிலும் வாழும் ஆதிவாசிகளின் வாசலுக்கே சோதனை போய்ச் சேருவது சிறிய காரியமன்று. ஆனால் ரத்தம் கொடுத்தவனைப் பற்றித் தெரிந்த சேதி எங்கே வைக்கப்படுகிறது, அதை யார் பார்க்கலாம், பார்த்தவர் அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்ற கேள்விகள் போதிய அளவு உரக்கக் கேட்கப்படவில்லை. விரல் நுனியில் ஊசி குத்துவதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு துளி சொல்லும் சேதியோ மூன்று தலைமுறையைத் தொடும். ஆதலின் அக்கேள்விகளை இன்று நாம் கேட்கிறோம்.

நோயாளி வேறு, வித்தைத் தாங்குபவர் வேறு

இந்நோயின் தன்மையை முதலில் அறிந்து கொள்வது அவசியம். ரத்தத்தின் செவ்வணுக்கள் சாதாரணமாக வட்டமாக இருப்பவை. இந்நோய் உள்ளவர்களுக்கு அவை அரிவாள் போல் வளைந்து, சிறு ரத்தக் குழாய்களை அடைத்துக் கொள்ளுகின்றன. பொறுக்க முடியாத வலியும், சோகையும், உறுப்புக்களின் சேதமும் அதனால் விளைகின்றன. தாய், தந்தை ஆகிய இருவரிடமிருந்தும் இந்நோயின் மரபணுவைப் பெற்றவனே நோயாளி ஆகிறான். ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றவன் அதன் வித்தைத் தாங்குகிறானே யொழிய, பொதுவாக ஆரோக்கியமாகவே வாழ்கிறான். வித்தைத் தாங்கும் இருவர் மணந்து கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் உண்டாக நாலில் ஒரு பங்கு சந்தர்ப்பம் உண்டு. ஒருவர் மாத்திரம் தாங்குபவராயின் குழந்தைக்கு இந்நோய் வருவதில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. இவ்வித்தைத் தாங்குபவர்களைக் கொடிய மலேரியாக் காய்ச்சல் எளிதில் வீழ்த்துவதில்லை. மலேரியா மலிந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களிடையே இது நிலைத்து நின்றதற்கு அதுவே காரணம். ஆகவே இது எந்தக் கூட்டத்தாருடைய குற்றமுமன்று, குறைவுமன்று. அவர்கள் முன்னோர் உயிர் பிழைத்த சரித்திரத்தின் அடையாளம். நம் நாட்டில் இது இருப்பது 1952-ஆம் வருஷத்தில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவரால் வெளியாயிற்று. அவர்கள் கண்டது நமது நீலகிரி மலைவாசிகளிடையேதான்.

இப்பொழுது சோதனை செய்து கொண்டவர்களுக்கு, அவர்கள் நிலையைக் காட்டும் நிறம் வேறுபட்ட அட்டைகள் கொடுக்கப்படுகின்றன. விவாகத்துக்கு முன் மணமகன், மணமகள் இருவரின் அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம் என்பது கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் நம் சமூகத்தை அறிந்தவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு பெண்ணின் அட்டை இன்ன நிறமென்று ஊரில் தெரிந்துவிட்டால், நாலில் ஒரு பங்கு என்ற கணக்கை அங்கே உட்கார்ந்து போடுவார் யார்? "அந்த வீட்டுப் பெண்ணின் ரத்தம் சரியில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். அவளுக்கு மாத்திரமா? அவள் தங்கைக்கும், தமையனுக்கும், சோதனையே செய்து கொள்ளாத அத்தை மகளுக்கும் அந்த வாக்கியம் தீர்ப்பாகிவிடும்.

பிற நாடுகள் பட்ட பாடு

இது வீண் பயமென்று சொல்வோர் கிரேக்க தேசத்தைப் பார்க்கட்டும். ஆர்க்கோமெனோஸ் என்னும் ஊரில் இந்நோய் மிகுதி. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூராரின் ரத்தத்தைச் சோதித்து, வித்தைத் தாங்குவோர் இன்னாரென்று தெரிவித்து, விவாகத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படி உபதேசம் செய்தார்கள். சில வருஷங்கள் கழித்துப் போய் விசாரித்த பொழுது, தாங்குவோர் என்று தெரிந்தவர்களை ஊரார் தாழ்வாக எண்ணத் தொடங்கியிருந்தது வெளிப்பட்டது. அந்த இழிவுக்கு அஞ்சிப் பலர் தங்கள் நிலையை மறைத்தே மணம் புரிந்து கொண்டனர். இதன் பயனாக, தாங்குவோர் இருவர் தமக்குள் மணந்து கொள்ளுவது சோதனையால் குறையவேயில்லை. எதைத் தடுப்பதற்காகச் சோதனை ஏற்பட்டதோ அதுவே தடுக்கப்படாமற் போயிற்று. ரகஸியத்தைக் காவாத சோதனை வைத்தியத்துக்கும் உதவாது என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுமோ?

ஐக்கிய அமெரிக்காவில் 1970-ஐ அடுத்த வருஷங்களில் பல ராஜ்யங்கள் நீக்ரோவர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்கின. ஆரோக்கியமாயிருந்த தாங்குவோருக்கும் உத்தியோகமும் இன்ஷூரன்ஸும் மறுக்கப்பட்டன. அந்நாட்டு விமானப்படைக் கலாசாலை, 1981-ஆம் வருஷம் வரையில், வித்தைத் தாங்கும் வாலிபர்களைச் சேர்த்துக் கொள்ள மறுத்து வந்தது. நோயைத் தீர்ப்பதற்கென்று எடுத்த ரத்தம் வாயிற் கதவை அடைப்பதற்குப் பயன்பட்டது.

இவ்விரண்டினும் நமக்கு நெருங்கிய பாடம் ஹவாசுபாய் என்னும் சிறு கூட்டத்தாருடையது. அமெரிக்காவின் ஆதிக்குடிகளாகிய இவர்கள் கிராண்ட் கான்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்கின்றனர். நீரிழிவு நோய் இவர்களை வருத்தி வந்தது. 1990-ஆம் வருஷம் முதல் அரிசோனா ஸ்டேட் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்நோயின் காரணத்தைக் காண்பதற்காக இவர்களிடம் ரத்தம் வாங்கினார்கள். தம் மக்கள் பிழைக்க வழி பிறக்குமென்று அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். பின்னர் 2003-ஆம் வருஷத்தில் அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, அந்த ஸர்வகலாசாலையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சிப் பிரசங்கத்தைக் கேட்கச் சென்றார். தம்மவரின் ரத்தம் நீரிழிவுக்கல்லாத வேறு காரியத்துக்கு உபயோகிக்கப்பட்டதை அங்கேதான் அவர் அறிந்தார். சித்தப் பிரமை பற்றியும், உறவுக்குள் கலப்பது பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் அந்த ரத்தத்தைக் கொண்டு ஆராய்ச்சி நடந்திருந்தது. தாங்கள் அப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்கு மாறான முடிவு அவர்கள் ரத்தத்தைக் கொண்டே எழுதப்பட்டது. வழக்கு நடந்தது. 2010-ஆம் வருஷத்தில் ஸர்வகலாசாலை 41 பேருக்கு ஏழு லக்ஷம் டாலர் கொடுத்து, மிஞ்சிய ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. ரத்தம் திரும்பி வந்தது. போன நம்பிக்கை திரும்பி வந்ததா?

பச்சைக் குழந்தைகளின் ரத்தத்துக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசி குத்திச் சில துளிகளைக் காகிதத்தில் ஒற்றியெடுத்துப் பரம்பரை நோய்களுக்குச் சோதிப்பது இக்காலத்து நல்ல வழக்கம். டெக்ஸாஸ் ராஜ்யத்தார் சோதனை முடிந்த பின்னும் அக்காகிதங்களைப் பெற்றோர் சம்மதமின்றியே சேர்த்து வைத்து, வேறு ஆராய்ச்சிகளுக்கும் கொடுத்தார்கள். 2009-ஆம் வருஷத்தில் பெற்றோர் சிலர் வழக்குத் தொடர்ந்ததன் பேரில், ஐம்பது லக்ஷத்துக்கு மேற்பட்ட காகிதங்களை அழித்து விடுவதாக ஒப்புக் கொண்டனர்.

பெயரை அழித்தால் போதுமா?

இவற்றுக்கெல்லாம் ஒரே சமாதானம் சொல்லப்படுகிறது: "பெயரையும் விலாசத்தையும் நீக்கி விட்டுத்தான் விவரங்களை உபயோகிக்கிறோம்; பிறகு பயமென்ன?" என்பது. இச்சமாதானம் மரபணுவின் விஷயத்தில் நிற்பதன்று. 2013-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் சில விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஆராய்ச்சிக்காக வெளியிடப்பட்டிருந்த பெயரில்லாத மரபணு விவரங்களை எடுத்துக் கொண்டு, குலமுறை ஆராய்வோர் பகிரங்கமாக வைத்திருந்த பட்டியல்களுடன் ஒப்பிட்டார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் மரபணுக் குறிகளைக் கொண்டு குடும்பப் பெயரையும், வயது, ராஜ்யம் ஆகியவற்றைக் கொண்டு ஆளையும் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஐம்பது பேர் இன்னாரென்று தெரிந்து போயிற்று. திருட்டு வழி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. யாரும் பார்க்கக் கூடிய விவரங்களே போதுமாயிருந்தன.

2018-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாப் போலீஸார், பல வருஷங்களுக்கு முற்பட்ட கொலைகளைச் செய்தவனைப் பிடித்தார்கள். அவன் தன் மரபணுவை எவரிடமும் கொடுக்கவில்லை. குலமுறை அறிவதற்காகத் தூரத்து உறவினர்கள் தங்கள் மரபணு விவரத்தை ஒரு பொதுப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதிலிருந்து நூல் பிடித்துக் கொண்டே அவன் வீடு வரையில் சென்றார்கள். கொலைகாரன் அகப்பட்டது நல்லதே. ஆனால் அந்நூல் கொலைகாரன் வீட்டுக்கு மாத்திரம் செல்லும் நூலன்று. எல்லார் வீட்டுக்கும் செல்லும்.

திருடு போன பூட்டை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், பெயரைக் கூட மாற்றிக் கொள்ளலாம். மரபணுவை மாற்றிக் கொள்ள முடியாது. அது ஒருவனுக்கு மாத்திரம் சொந்தமான ரகஸியமுமன்று; ஒருவன் கொடுத்த சம்மதம் அவன் சகோதரியின் ரகஸியத்தையும் பாதி திறந்து விடுகிறது. நீலகிரியில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு மலைக் கிராமத்தை எண்ணிப் பாருங்கள். "இன்ன ஊர், பெண், வயது பத்தொன்பது" என்ற மூன்று விவரம் காகிதத்தில் இருந்தால் போதும். பெயரை அழித்ததனால் என்ன மறைந்தது?

பிழைப்பும் இன்ஷூரன்ஸும்

அமெரிக்க ரெயில்வேக் கம்பெனி ஒன்று, மணிக்கட்டு நோவுக்காக நஷ்டஈடு கேட்ட தன் தொழிலாளிகளின் ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலே மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது. நோவுக்குக் காரணம் வேலையன்று, பிறவியே என்று காட்டுவது அதன் எண்ணம். 2001-ஆம் வருஷத்தில் விஷயம் வெளியாகி, மறு வருஷம் இருபத்திரண்டு லக்ஷம் டாலர் கொடுத்து அக்கம்பெனி விவகாரத்தைத் தீர்த்துக் கொண்டது. 2008-ஆம் வருஷத்தில் அந்நாட்டார் தனிச் சட்டம் செய்து, எஜமானர்களும் நோய் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் மரபணுவைக் கொண்டு பேதம் காட்டக் கூடாதென்று விதித்தனர். ஆனால் ஆயுள் இன்ஷூரன்ஸை அச்சட்டம் தொடவில்லை. 2017-ஆம் வருஷத்தில் கனடா இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒப்பந்தத்துக்காகவோ, சேவைக்காகவோ எவரையும் மரபணுச் சோதனை செய்து கொள்ளும்படி கட்டாயப்படுத்துவது அங்கே குற்றம். ஐந்து வருஷம் வரையில் சிறை வாசமும் உண்டு. அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2020-ஆம் வருஷத்தில் அச்சட்டத்தை நிலை நிறுத்தியது.

நம் நாட்டிலோ? பரம்பரை இருதய நோயுள்ள ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தது. பாலிஸியில் "மரபணுக் கோளாறுகள்" நீக்கப்பட்டிருக்கின்றன என்பது அது சொன்ன காரணம். 2018-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் டில்லி ஹைகோர்ட்டு, அந்த ஷரத்து எல்லையற்றதென்றும், அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அளிக்கும் சமத்துவத்துக்கு விரோதமானதென்றும் தீர்ப்பளித்தது. அக்காரணத்தைச் சொல்லிக் கோரிக்கைகளைத் தள்ளக் கூடாதென்று இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனமும் மறு மாதம் உத்தரவிட்டது. பின்னர் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் என்று எதை எடுத்தாலும் பரம்பரையின் பங்கு சிறிதேனும் இருக்கும். அந்த ஷரத்தை அப்படியே ஒப்புக்கொண்டால் இன்ஷூரன்ஸ் பெறத் தகுந்த மனிதன் எங்கே அகப்படுவான்?

நம் சட்டம் நிற்குமிடம்

2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பது பேர் ஒருமித்து, அந்தரங்கம் இந்தியப் பிரஜையின் அடிப்படை உரிமை என்று தீர்ப்புக் கூறினர். அதன் வழியே 2019-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டுக்கு வந்த மசோதா, மரபணு விவரத்தை விசேஷக் காவலுக்குரிய விவரங்களின் வரிசையில் வைத்தது. அம்மசோதா வாபஸாயிற்று. 2023-ஆம் வருஷத்தில் நிறைவேறிய சட்டத்தில் அவ்வரிசையே காணப்படவில்லை. கடையில் கொடுத்த டெலிபோன் நம்பரும், ஆஸ்பத்திரியில் கொடுத்த மரபணுவும் அச்சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே. சர்க்கார் சலுகைகளை வழங்கும் பொருட்டுச் சில நிபந்தனைகளுடன் புதிய சம்மதமின்றியே விவரங்களை உபயோகிக்கவும் அதில் இடமிருக்கிறது. தவறிழைத்த கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் உண்டு; ஆனால் அப்பணம் சர்க்கார் கஜானாவுக்குச் செல்லும். ரகஸியம் வெளியானதால் உத்தியோகத்தை இழந்தவனுக்கு அதிலிருந்து ஒரு காசும் இல்லை. முந்திய சட்டத்தில் நஷ்டஈட்டுக்கு இடம் தந்த 43-ஏ பிரிவையும் நீக்கிவிட இச்சட்டம் வகை செய்திருக்கிறது.

இதைவிட நன்றாகச் சட்டம் செய்ய நமக்குத் தெரியாதென்பதில்லை. சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில், பிறருக்காக ரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவருக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது சோதனையில் தெரிந்தது. சேதி வெளியாகி, நிச்சயமாகியிருந்த அவருடைய விவாகம் நின்றது. அவர் வழக்குத் தொடுத்தார். மணமகளின் உயிரும் ஆரோக்கியமும் அவருடைய ரகஸியத்தினும் பெரிதென்று 1998-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. பிறருடைய உயிருக்கு ஆபத்தென்றால் ரகஸியத்துக்கும் எல்லை உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த எல்லையை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் மனம்போல் வகுத்துக் கொள்வது தகாது. பல வருஷக் கிளர்ச்சிக்குப் பின் 2017-ஆம் வருஷத்தில் எய்ட்ஸ் கிருமி பற்றிய தனிச் சட்டம் பிறந்தது. உடையவனது சம்மதமின்றிச் சோதனை முடிவை வெளியிடலாகாது. விலக்கு எப்பொழுதென்றால் இன்ன சந்தர்ப்பத்தில். அதைக் காரணமாகக் காட்டி வேலையையோ, படிப்பையோ, குடியிருக்கும் வீட்டையோ மறுக்கலாகாது என்று அது வரையறுத்திருக்கிறது. ஒரு ரத்தச் சோதனைக்கு இத்தகைய காவல் தகுமென்றால், பரம்பரை முழுவதையும் சொல்லி விடும் இன்னொரு ரத்தச் சோதனைக்கு ஏன் தகாது?

செய்ய வேண்டியது

எந்த நோய்க்கென்று ரத்தம் எடுக்கப்பட்டதோ அதற்கன்றி வேறெதற்கும், மறுமுறை கேட்டுச் சம்மதம் பெறாமல், ரத்தத்தையோ விவரத்தையோ தொடலாகாது. அச்சம்மதம் கேட்கப்படுபவரின் சொந்த பாஷையில், அவருக்கு விளங்கும்படி கேட்கப்பட வேண்டும். கைநாட்டு வாங்கியது சம்மதம் வாங்கியதாகாது. ஆதிவாசிகள் விஷயத்தில், தனி மனிதனுடைய சம்மதத்தோடு, ஊர்க் கூட்டத்தின் கலந்தாலோசனையும் வேண்டும். ஹவாசுபாய் மக்களின் கதை அதையே கற்பிக்கிறது. சோதனை அட்டை உடையவரின் கையிலேயே இருக்க வேண்டும். எஜமானனோ, பள்ளிக்கூடமோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியோ அதைக் காட்டும்படி கேட்பது குற்றமாக்கப்பட வேண்டும். ரகஸியம் வெளியானதால் நஷ்டமடைந்தவருக்கு நஷ்டஈடு அவர் கையிலேயே சேர வேண்டும். இவற்றைக் கொண்ட தனிச் சட்டமொன்றைப் பார்லிமெண்டு நிறைவேற்ற வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு விதித்தால் ஆராய்ச்சி தடைப்படுமே என்று விஞ்ஞானிகள் சிலர் வருந்தக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. ஆராய்ச்சிக்கு மூலதனம் யந்திரமன்று, பணமுமன்று. கையை நீட்டுகிறவனுடைய நம்பிக்கையே. ஆர்க்கோமெனோஸில் அது போனது. சோதனையும் பயனற்றுப் போயிற்று. பூட்டு உறுதியாயிருந்தால் ஜனங்கள் தாமாகவே பெட்டியில் வைக்க வருவார்கள்.

சட்டம் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதுமில்லை. கிராமங்களிலும் மலைகளிலும் தொண்டு செய்வோர் இன்றே செய்யக் கூடியது ஒன்றுண்டு. சோதனை முகாம் கூடும் இடத்துக்குப் போங்கள். ஜனங்களைச் சோதனைக்கு வரும்படி தூண்டுங்கள்; தடுக்க வேண்டாம். வித்தைத் தாங்குபவர் நோயாளி அல்லர் என்பதை வீடு வீடாகச் சொல்லுங்கள். அதோடு, முகாம் அதிகாரிகளிடம் மரியாதையாக நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இந்த ரத்தம் எங்கே போகிறது? எத்தனை காலம் வைக்கப்படும்? முடிவை யார் பார்ப்பார்கள்? வேண்டாமென்று பின்னர் சொன்னால் அழிப்பீர்களா? விடையை எழுத்தில் வாங்குங்கள். விடை கிடைக்காவிட்டால் சட்டசபை அங்கத்தினரிடம் போங்கள், பத்திரிகைகளுக்கு எழுதுங்கள்.

நோய் தீருமென்று நம்பி ஓர் ஏழைப் பெண் கையை நீட்டுகிறாள். அந்தக் கையில் ஊசியைக் குத்துகிற சர்க்காருக்கு, அவள் ரகஸியத்தைக் காக்கும் கடமை அந்த நிமிஷத்திலேயே பிறந்து விடுகிறது. ஏழு கோடிப் பேரிடம் ரத்தம் கேட்ட பின் அக்கடமையை நாளைக்கு என்று ஒத்தி வைப்பது நியாயமாகாது.